டிக்கெட் விற்றாகிவிட்டது, வாசல் எங்கே?

2023 செப்டம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பனையூருக்கு அருகே ஆதித்யராம் பேலஸ் சிட்டி வளாகத்தில் ஏ.ஆர். ரஹ்மானின் ‘மறக்குமா நெஞ்சம்’ இசை நிகழ்ச்சி. ஆகஸ்ட் 12-ஆம் தேதி நடந்திருக்க வேண்டியது, மழையால் தள்ளிப்போனது. முதல் தேதிக்கு வாங்கிய டிக்கெட்டைப் பத்திரமாக வைத்திருந்து, அம்பத்தூரிலிருந்தும் ஆவடியிலிருந்தும் பூந்தமல்லியிலிருந்தும் ஊரைக் குறுக்கே கடந்து போன குடும்பங்கள் உண்டு. பலர் வாசலைக்கூடப் பார்க்கவில்லை. சாலையிலேயே மணிக்கணக்கில் நின்றார்கள். வண்டியை எங்கோ விட்டுவிட்டுக் கிலோமீட்டர் கணக்கில் நடந்தவர்கள், கையில் செல்லுபடியாகும் டிக்கெட்டை வைத்துக்கொண்டே திருப்பி அனுப்பப்பட்டார்கள். உள்ளே நுழைந்தவர்களுக்கு கோல்டு, பிளாட்டினம், டைமண்டு என்ற வகுப்புகளுக்குப் பொருளே இல்லாமல் போயிற்று. பணம் கொடுத்து வாங்கிய நாற்காலியில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள், அல்லது நாற்காலியே இல்லை. குழந்தைகள் பெற்றோரின் கைவிட்டுப் போனார்கள். நெரிசலுக்குள் தங்கள்மேல் கை வைத்தவர்களைப் பற்றிப் பெண்கள் பொதுவெளியில் எழுதினார்கள். முதலமைச்சரின் வாகன வரிசையும் அந்தப் போக்குவரத்து நெரிசலில் மாட்டியது.

யாரும் சாகவில்லை. அன்றைய இரவைப் பற்றிச் சொல்லக்கூடிய ஒரே நல்ல செய்தி அதுதான். அதே காரணத்தால்தான் அது சீக்கிரம் மறக்கவும்பட்டது. இந்தக் கட்டுரையின் கேள்வி இதுதான்: ஒரு இசை நிகழ்ச்சி எந்தக் கட்டத்தில் கெட்டுப்போகிறது? அதைத் தடுக்கும் அதிகாரம் யாருடைய கையில் இருக்கிறது? சென்னையின் மேற்குப் புறநகரில் இருப்பவர்கள் இதை இப்போதே கேட்க வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. கடற்கரைச் சாலையில் இடம் குறைந்துகொண்டே வருகிறது. வெளிவட்டச் சாலை வண்டலூரிலிருந்து நசரத்பேட்டை, நெமிலிச்சேரி வழியாக மீஞ்சூர் வரை ஓடுகிறது. மெட்ரோவின் பூந்தமல்லித் தடம் வருகிறது. பெரிய மேடைகள் அடுத்து வந்து இறங்கப் போகும் திசை நம் பக்கம் என்று நான் நினைக்கிறேன்.

முதலில் அந்த ஒரு இரவின் கணக்கை நிதானமாகப் பார்க்கலாம். காவல் துறையிடம் பெறப்பட்ட அனுமதி 20,000 பேருக்கு. வந்தவர்கள் அதைவிட மிக அதிகம். 35,000-க்கும் மேல் என்று விசாரணையை ஒட்டி வந்த செய்திகள் கூறின. நிகழ்ச்சியை நடத்திய ஏசிடிசி நிறுவனத்தின் தலைவர் காணொளியில் தோன்றிப் பொறுப்பேற்று மன்னிப்புக் கேட்டார். டிக்கெட்டின் நகலை அனுப்பும்படி ரஹ்மான் ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார். பணம் திருப்பித் தரப்பட்டது. நடந்ததற்குத் தானே பலியாடாக இருக்கிறேன் என்ற பொருளில் அவர் எழுதினார். தாம்பரம் மாநகரக் காவல் விசாரித்தது, அமைப்பாளர்கள்மேல் வழக்கு பதிவானது, காவல் துறை உயர் அதிகாரிகள் இருவர் பொறுப்பிலிருந்து மாற்றப்பட்டார்கள்.

இந்தப் பட்டியலில் ஒன்று விடுபட்டிருக்கிறது. அடுத்த நிகழ்ச்சிக்கு என்ன விதி மாறியது? மன்னிப்பு வந்தது, பணம் வந்தது, இடமாற்றம் வந்தது, விதி வரவில்லை. ‘எதிர்பாராத கூட்டம்’ என்ற சொல் மட்டும் அன்றும் சொல்லப்பட்டது, இன்றும் சொல்லப்படுகிறது. திருவிழாக் கூட்டத்தையோ தலைவரைப் பார்க்க வரும் கூட்டத்தையோ பற்றி அப்படிச் சொன்னால் ஓரளவு ஏற்கலாம். டிக்கெட் விற்று நடத்தும் கச்சேரியில் அந்தச் சொல்லுக்கு இடமே கிடையாது. எத்தனை பேர் வருவார்கள் என்பது விற்றவருக்கு நிகழ்ச்சிக்கு முன்னால், தலை எண்ணிக்கையோடு, வகுப்புவாரியாகத் தெரியும். விற்ற எண்ணிக்கை தெரிந்தும் இடத்தின் கொள்ளளவைப் பார்க்காதது தவறு. தெரிந்தே மீறியிருந்தால் அது குற்றம்.

கூட்டத்தைப் பற்றிய அறிவியல் இன்று புதிதல்ல. அமெரிக்கப் பொறியாளர் ஜான் ஃபுரூயின் 1970-களிலிருந்தே இதை எழுதினார். கூட்ட விபத்தை அவர் நான்கு காரணங்களாகப் பிரித்தார்: தள்ளும் விசை, கூட்டத்துக்குக் கிடைக்கும் தகவல், இடம், நேரம். ஒரு சதுர மீட்டரில் நான்கு பேர் வரை நின்றால் மனிதர்கள் தங்கள் விருப்பப்படி அசையலாம். ஆறு, ஏழு பேர் என்று ஆகும்போது தனி மனிதரின் கால் தன் கட்டுப்பாட்டில் இருக்காது; கூட்டம் முழுவதும் ஒரே திரவம்போல அலையடிக்கும். அதில் இறப்பவர்களில் பெரும்பாலானவர்கள் மிதிபட்டு இறப்பதில்லை. நின்ற நிலையிலேயே மார்புக்கூடு அழுந்தி, மூச்சை உள்ளே இழுக்க முடியாமல் இறக்கிறார்கள். முன்னால் இருப்பவர் திணறுவது பின்னால் இருப்பவருக்குத் தெரியாது. பாட்டு தொடங்கிவிட்டதே என்ற தவிப்பில் அவர் இன்னும் ஒரு அடி முன்னே வைக்கிறார். அவரும் கெட்டவர் இல்லை, முன்னால் இருப்பவரும் கெட்டவர் இல்லை. கூட்டம் ஒழுங்கில்லாமல் நடந்துகொண்டது என்று பழிபோடுவதை நான் ஏற்காததற்குக் காரணம் இதுதான்.

வாசல் கணக்கும் இருக்கிறது. பிரிட்டனில் விளையாட்டரங்குகளுக்கான பாதுகாப்புக் கையேடு, ஒரு சுழல் வாசல் வழியாக மணிக்கு 660 பேருக்கு மேல் போக முடியாது என்று வைக்கிறது. பையைச் சோதித்து, செல்பேசியில் உள்ள கியூஆர் குறியை வெளிச்சத்தில் காட்டி, அது படிக்காமல் மறுபடி காட்டி உள்ளே போகும் நம் ஊர் வாசலில் அந்த எண்ணிக்கையும் வராது. வரும் என்றே வைத்துக்கொள்வோம். 20,000 பேர் இரண்டு மணி நேரத்தில் உள்ளே போக வேண்டுமானால் குறைந்தது 16 வாசல்கள் இடைவிடாமல் ஓட வேண்டும். 40,000 பேர் என்றால் 31. வெளியேறும் கணக்கு இன்னும் கடுமையானது. அதே கையேட்டின்படி சமதளத்தில் ஒரு மீட்டர் அகலத்தில் நிமிடத்துக்கு 82 பேர் போகலாம். வழக்கமான வெளியேற்றம் 8 நிமிடத்தில் முடிய வேண்டும். 20,000 பேருக்கு மொத்தம் 30 மீட்டருக்கும் அதிகமான அகலத்துக்கு வெளியேறும் வாசல்கள் தேவை. ஒரு திருமண மண்டபத்துக் கேட்டின் அகலத்தில் ஒன்றிரண்டு திறப்பை வைத்துக்கொண்டு பத்தாயிரக்கணக்கில் டிக்கெட் விற்பவரிடம் இந்தக் கணக்கைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

சாலைக்கும் அதே கதி. 20,000 பேரில் பாதிப் பேர் காரில், காருக்கு மூன்று பேராக வந்தால் 3,300 கார்கள். வழிவிட்டு நிறுத்த, கார் ஒன்றுக்கு 25 சதுர மீட்டர் என்று கொண்டால் சுமார் 20 ஏக்கர். அதுவும் மழை பெய்து சேறாகாத 20 ஏக்கர். மீதிப் பாதிக்கு, பேருந்துக்கு 65 பேர் என்றால் 150-க்கும் மேற்பட்ட நடைகள், அவையும் ராத்திரி பத்தரை மணிக்கு ஒரே சமயத்தில் வேண்டும். இது ஒரு அஞ்சலட்டையின் பின்புறத்தில் போடக்கூடிய கணக்கு. இதைப் போடாமல் அனுமதி கேட்பதும், இதைக் கேட்காமல் அனுமதி கொடுப்பதும் நம்மிடம் வழக்கமாகியிருக்கிறது.

உலகம் இந்தப் பாடங்களை உயிர் கொடுத்துத்தான் படித்தது. 1969 டிசம்பரில் கலிபோர்னியாவின் ஆல்டமான்ட்டில் ரோலிங் ஸ்டோன்ஸ் நடத்திய இலவச நிகழ்ச்சிக்கு, இரண்டு நாள்கூட இல்லாத நிலையில் இடம் மாற்றப்பட்டது. தாழ்வான மேடை, போதாத கழிப்பறை, காவலுக்கு ஒரு மோட்டார் சைக்கிள் கும்பல். நான்கு பேர் இறந்தார்கள். 1979 டிசம்பர் 3 அன்று சின்சினாட்டியில் ‘தி ஹூ’ குழுவின் நிகழ்ச்சி. இருக்கை எண் இல்லாத டிக்கெட், முதலில் வருபவருக்கு முன்னிடம், திறந்திருந்த கதவுகளோ சில மட்டும். வாசலில் நசுங்கி 11 பேர் இறந்தார்கள். எண்ணில்லா இருக்கையை அந்த நகரம் தடை செய்தது. தடை 2004 வரை நீடித்தது. 2000-இல் டென்மார்க்கின் ராஸ்கில்டே விழாவில் பேர்ல் ஜாம் பாடிக்கொண்டிருந்தபோது மேடை முன் சேற்றில் 9 இளைஞர்கள் இறந்தார்கள். அதன்பின் மேடைமுன் பரப்பை வேலியிட்டுச் சிறு பிரிவுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் உள்ளே விடும் எண்ணிக்கையை வரையறுத்தார்கள். அந்த விழா இன்றும் நடக்கிறது. 2010-இல் ஜெர்மனியின் டூயிஸ்பர்க்கில் ‘லவ் பரேட்’ விழாவுக்கு உள்ளே போகவும் வெளியே வரவும் ஒரே சுரங்கப்பாதை, ஒரே சரிவு. 21 பேர் இறந்தார்கள். அங்கும் நீதி எளிதில் வரவில்லை. பத்து ஆண்டுகள் கழித்து 2020-இல் வழக்கு தீர்ப்பில்லாமலே முடித்துவைக்கப்பட்டது. 2021-இல் ஹியூஸ்டனில் டிராவிஸ் ஸ்காட்டின் ‘ஆஸ்ட்ரோவேர்ல்டு’ நிகழ்ச்சியில் 10 பேர்.

இவற்றில் சின்சினாட்டியும் ராஸ்கில்டேயும்தான் எனக்கு முக்கியம். மற்ற இடங்களில் யார் குற்றவாளி என்ற கேள்வி ஆண்டுக்கணக்கில் இழுத்தது. இந்த இரண்டு இடங்களிலும் அடுத்த நிகழ்ச்சியின் அமைப்பு மாறியது. கேள்வி எழுந்த விதம் வேறு, அதனால் பதிலும் வேறு.

நம் பக்கத்து அனுபவத்துக்கு வருவோம். 2024 பிப்ரவரி 9 அன்று யாழ்ப்பாணம் முற்றவெளியில் ஹரிஹரனின் இசை நிகழ்ச்சி. தமன்னா, ரம்பா, யோகி பாபு உள்ளிட்ட நட்சத்திரங்களும் வந்திருந்தார்கள். முன்புறம் கட்டணப் பகுதி, பின்னால் இலவசப் பகுதி, நடுவே தடுப்பு. இலவசப் பகுதியில் நின்றவர்கள் தடுப்பைச் சாய்த்துக்கொண்டு முன்னேற, நிகழ்ச்சி இடையில் நின்றது. ஈழத்துப் பத்திரிகைகளில் அன்று எழுந்த விவாதத்தில் பெரும்பகுதி யாழ்ப்பாண இளைஞர்களின் ஒழுக்கத்தைப் பற்றியதாக இருந்தது. எனக்கு அது தவறான விவாதம். மேடை தெரியாத தூரத்தில் ஆயிரக்கணக்கானோரை நிறுத்தி, அவர்களுக்கும் மேடைக்கும் நடுவே ஒரு வேலியை மட்டும் வைத்தால் அந்த வேலி நிற்காது. போரால் பல பத்தாண்டுகள் பெரிய மேடையையே காணாத ஒரு ஊரில், வரப்போகும் ஆவலை அளந்து ஏற்பாடு செய்வது நடத்துபவரின் வேலை.

கொச்சிப் பல்கலைக்கழகத்தில் 2023 நவம்பர் 25 அன்று நடந்ததை மேற்குப் புறநகர்க்காரர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். அது பெரிய நிகழ்ச்சியே அல்ல. கல்லூரித் தொழில்நுட்ப விழா, நிகிதா காந்தியின் பாட்டு, திறந்தவெளி அரங்கம். மழைத் தூறல் விழுந்ததும் வெளியே நின்றவர்கள் ஒரே வாசல் வழியாக உள்ளே ஓடினார்கள். வாசலைத் தாண்டியதும் கீழிறங்கும் செங்குத்தான படிகள். நான்கு பேர் இறந்தார்கள். பூந்தமல்லி, திருவேற்காடு, ஆவடி சுற்றுவட்டாரத்தில் வரிசையாகப் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஆண்டுதோறும் ‘கல்ச்சுரல்ஸ்’, அதன் கடைசி நாளில் சினிமாப் பின்னணிப் பாடகர், பக்கத்துக் கல்லூரி மாணவர்களுக்கும் அழைப்பு. மாணவர் ஒருங்கிணைப்பாளர் கையில் வாக்கிடாக்கி இருக்கும். மழை வந்தால் எந்தக் கதவைத் திறப்பது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். 40,000 பேர் கூடும் நிகழ்ச்சிக்கு ஆணையர் நேரில் வருவார். 3,000 பேர் கூடும் கல்லூரி அரங்குக்கு யார் வருகிறார்கள்?

நம் பகுதியின் சிக்கல் ஒன்று இந்த இடத்தில் தெரிகிறது. அம்பத்தூர் 2011 முதல் சென்னை மாநகராட்சியின் ஒரு மண்டலம். 2018 முதல் வருவாய்த் துறைக் கணக்கில் சென்னை மாவட்டம். ஆனால் காவல், ஆவடி ஆணையரகம். ஆவடி 2019 முதல் தனி மாநகராட்சி, திருவள்ளூர் மாவட்டம். பூந்தமல்லி நகராட்சி. அதைத் தாண்டினால் ஊராட்சிகள். ஒரு திடலின் முன்பக்கம் தேசிய நெடுஞ்சாலையைப் பார்க்கும், பின்பக்கம் ஊராட்சித் தெருவில் திறக்கும். தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று, மின் ஆய்வு, கட்டட உறுதி, சுகாதாரம், போக்குவரத்துக் காவல், சட்டம் ஒழுங்குக் காவல் என்று ஒவ்வொருவரும் தத்தம் தாளைக் கொடுக்கிறார்கள். எல்லாத் தாளையும் ஒன்றாக வைத்து, ‘இந்த இடத்தில் இத்தனை பேர்தான்’ என்று ஒரே எண்ணைச் சொல்லிக் கையெழுத்துப் போடுபவர் யார் என்பதுதான் தெளிவாக இல்லை. 1888-ஆம் ஆண்டின் பொதுக் கேளிக்கை இடங்கள் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. நாடகக் கொட்டகைக் காலத்துச் சட்டம் அது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2014-இல் கூட்டங்களைக் கையாள்வதற்கு விரிவான வழிகாட்டி வெளியிட்டது. அது வழிகாட்டிதான், கட்டாயமல்ல.

ஆவடி ஆணையரகமும் தாம்பரம் ஆணையரகமும் 2022 ஜனவரி 1 அன்று ஒரே நாளில் செயல்படத் தொடங்கியவை. பனையூர், தாம்பரத்தின் எல்லையில் நடந்தது. நாளைக்கு நசரத்பேட்டையிலோ திருநின்றவூர்ப் பக்கமோ அதே அளவு கூட்டம் கூடினால் ஆவடி ஆணையரகம் எதிர்கொள்ளப் போவதும் அதே கேள்விகளைத்தான். அவர்கள் தாம்பரத்தின் பழைய கோப்பைக் கேட்டு வாங்கிப் படித்தால் நல்லது.

பொழுதுபோக்குத் தொழிலின் ஆபத்து இந்தப் பகுதிக்குப் புதிதும் அல்ல. 2020 பிப்ரவரி 19 அன்று பூந்தமல்லியை அடுத்த ஈவிபி பிலிம் சிட்டியில் ‘இந்தியன் 2’ படப்பிடிப்பில், உயரத்தில் விளக்குகளைத் தாங்கியிருந்த கிரேன் சாய்ந்து மூன்று பேர் இறந்தார்கள். இசை மேடைகளும் இதே வகைத் தற்காலிகக் கட்டுமானங்கள்தான்: ட்ரஸ், ஒலிபெருக்கிக் கோபுரம், எல்இடி சுவர், ஜெனரேட்டர். இரண்டு நாளில் ஏற்றி, ஒரே ராத்திரியில் இறக்குகிறார்கள். மேலே ஏறிக் கட்டுபவர்கள் தினக்கூலிக்கு வந்தவர்கள். நிகழ்ச்சி குழம்பியது என்று பேசும்போது ரசிகரைப் பற்றி மட்டும் பேசுகிறோம். மேடையைக் கட்டியவர்களின் பெயர் யாருக்கும் தெரிவதில்லை.

ஆளில்லாத குறையும் இதோடு சேர்ந்தது. வாசலில் நிற்பவர்கள் அன்றைய ஒரு நாளுக்கு அமர்த்தப்பட்ட கல்லூரிப் பிள்ளைகள், அல்லது பவுன்சர்கள். பிள்ளைகளுக்கு இடம் தெரியாது. பவுன்சர்களுக்குத் தள்ளத்தான் தெரியும். கழிப்பறை எங்கே, முதலுதவி எங்கே, குழந்தை காணாமல் போனால் எங்கே சொல்வது என்ற மூன்று கேள்விக்கும் பதில் தெரிந்த ஆள் பத்தடிக்கு ஒருவர் நின்றால் பாதி பயம் போய்விடும். தண்ணீர் பாட்டிலை வாசலில் பறித்துக்கொண்டு உள்ளே இரண்டு மூன்று மடங்கு விலைக்கு விற்பதை வியாபாரம் என்று யாரும் நியாயப்படுத்தக் கூடாது. 2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் விமானப் படைச் சாகசம் பார்க்க வந்த பெருங்கூட்டத்தில் வெயிலும் தாகமும் சேர்ந்து 5 உயிர்களைக் கொண்டுபோயின. அங்கே டிக்கெட் இல்லை, கட்டணம் இல்லை. தண்ணீரும் நிழலும் திரும்பிப் போக ரயிலும் போதவில்லை.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பனையூருக்குப் பிறகு வந்த குமுறலில் எனக்கு மிகவும் வலித்தது பணம் போனதைப் பற்றியதல்ல. பாட்டுக் கேட்கப் போன இடத்தில், நகர முடியாத நெரிசலில், யார் என்று திரும்பிக்கூடப் பார்க்க முடியாமல் தீண்டப்பட்டதைப் பற்றி அவர்கள் எழுதியது. நெரிசல் அந்தக் கயவர்களுக்கு மறைவிடம் கொடுக்கிறது. ஆகவே ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை பேர் என்ற எண் பெண்களின் பாதுகாப்பு பற்றிய எண்ணும்தான். இருட்டான வாகன நிறுத்தமும், ஆண்களுக்கும் பெண்களுக்கும் அடுத்தடுத்து வைத்த நான்கு தகரக் கழிப்பறையும் இதே கேள்வியைச் சேர்ந்தவை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வாரமெல்லாம் வேலை பார்த்து, நாலு தோழிகளாகச் சேர்ந்து ஒரு கச்சேரிக்குப் போக ஆசைப்படும் பெண், அடுத்த முறை வீட்டில் கேட்கும்போது என்ன பதில் கேட்பாள்? ஒரு மோசமான நிகழ்ச்சி பல பெண்களின் வெளிவாசலை ஆண்டுக்கணக்கில் மூடிவிடுகிறது.

பணம் எப்படி ஓடுகிறது என்பதைப் பார்த்தால் குழப்பத்தின் வேர் தெரியும். கலைஞருக்கு முன்பணம், இடத்துக்கு முன்பணம், ஒலி ஒளிக்கு முன்பணம். இவை டிக்கெட் விற்ற காசிலிருந்துதான் அடைகின்றன. விற்பனை நன்றாகப் போனால் இன்னும் கொஞ்சம் விற்கத் தோன்றும். அதன்மேல் விளம்பரதாரருக்கு, அதிகாரிக்கு, உள்ளூர்ப் பிரமுகருக்கு என்று பாஸ். பாஸ்களை யாரும் எண்ணுவதில்லை. பாஸோடு வருபவர் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வருவார், அவரை வாசலில் நிறுத்த பவுன்சருக்குத் துணிவிருக்காது. தேதி தள்ளிப்போனால் திருப்பிக் கொடுக்கப் பணம் இருக்காது. ஆகவே எப்படியாவது நடத்தியே தீர வேண்டிய கட்டாயம். நிகழ்ச்சி முடியும்வரை டிக்கெட் பணத்தின் பெரும்பகுதியை ஒரு பொறுப்பு வங்கிக் கணக்கில் நிறுத்திவைத்தால் இந்தச் சுழல் அறுந்துவிடும். கட்டுமானத் துறையில் வீடு வாங்குபவரின் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைக்கும்படி ரெரா சட்டம் சொல்கிறது. கச்சேரிக்கு அது ஏன் முடியாது?

நம்மால் முடியாது என்று சொல்பவர்களுக்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது: கும்பகோணம். 1992 பிப்ரவரி 18 அன்று மகாமகக் குளத்தில் நெரிசலில் ஏறத்தாழ ஐம்பது பேர் இறந்தார்கள். அந்தத் துயரத்துக்குப் பின் 2004-இலும் 2016-இலும் மகாமகம் வந்தது. பல லட்சம் பேர் நீராடினார்கள். முன்கூட்டியே வகுத்த ஒருவழிப் பாதைகள், நாள் முழுவதும் பரவலாக நீராடலாம் என்ற அறிவிப்பு, ஊருக்கு வெளியே நிறுத்தங்கள் என்று ஏற்பாடுகள் இருந்தன, 1992 திரும்பவில்லை. நம் பக்கமே திருவேற்காடு கருமாரியம்மன் கோயிலிலும் மாங்காடு காமாட்சியம்மன் கோயிலிலும் ஆடி வெள்ளிக்கு வரும் கூட்டத்தைச் சவுக்குக் கட்டைத் தடுப்பு கட்டி, போகும் வழி வரும் வழி பிரித்து அனுப்பத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். 1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மாநாட்டுக்காக சத்தியமூர்த்தி நகர் என்ற பெயரில் ஒரு தற்காலிக ஊரையே எழுப்பினார்கள். அறிவு இல்லாத ஊர் இல்லை இது. கோயில் கூட்டத்துக்கும் அரசியல் மாநாட்டுக்கும் காட்டும் அக்கறையைப் பாட்டுக் கேட்க வருபவருக்குக் காட்டுவதில்லை, அவ்வளவுதான்.

அரசியல் கூட்டத்திலும் அந்த அக்கறை இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை 2025 செப்டம்பர் 27 அன்று கரூர் வேலுச்சாமிபுரத்தில் கண்டோம்: 41 உயிர்கள். அதற்கு முன் ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி அரங்க வாசல்களில் 11 பேர். கர்நாடகம் கூட்டக் கட்டுப்பாட்டுக்கென்று ஒரு மசோதாவைக் கொண்டுவந்தது. இங்கே கரூருக்குப் பின் பொதுக்கூட்டங்களுக்கான நெறிமுறையைப் பற்றிப் பேச்சு எழுந்தது. அது கட்சிக் கூட்டங்களையே சுற்றி வந்தது. கட்டண இசை நிகழ்ச்சிக்குத் தனி விதி வேண்டும். காரணம், அங்கே ஒருவர் லாபம் பார்க்கிறார், வருபவர் வாடிக்கையாளர், எண்ணிக்கை முன்பே தெரியும்.

சில நல்ல அறிகுறிகளும் உண்டு. சேப்பாக்கத்தில் ஐபிஎல் ஆட்டங்களுக்கு, ஆட்ட டிக்கெட்டைக் காட்டியே மாநகரப் பேருந்திலும் மெட்ரோவிலும் போகும் ஏற்பாடு வந்தது. அனிருத்தின் ‘ஹுக்கும்’ நிகழ்ச்சி 2025 ஜூலையில் திருவிடந்தையில் நடப்பதாக இருந்தது. அது தள்ளிவைக்கப்பட்டு, ஆகஸ்ட் 23 அன்று கூவத்தூரில் பெரிய திடலில் நடந்தது. தள்ளிவைப்பது தோல்வி அல்ல. பனையூரிலும் அந்தத் துணிவு செப்டம்பரில் ஒருமுறை இருந்திருக்கலாம்.

கலைஞர்களிடமும் ஒன்று கேட்க உரிமை இருக்கிறது. மேடை விளக்கு எந்தத் திசையில், தங்கும் அறை எப்படி என்றெல்லாம் ஒப்பந்தத்தில் எழுதிக் கேட்க முடிகிறது அவர்களால். அதே ஒப்பந்தத்தில் ‘கொள்ளளவுச் சான்றைக் காட்டினால்தான் மேடையேறுவேன், அதற்கு மேல் ஒரு டிக்கெட்டும் விற்கக் கூடாது’ என்ற ஒரு வரி போதும். டிக்கெட் விற்பது அவர்களுடைய பெயர்தான். அந்தப் பெயரை நம்பித்தான் மக்கள் பணம் கட்டுகிறார்கள். ரஹ்மான் அன்று பொறுப்பை ஏற்றது பெருந்தன்மை. அந்தப் பொறுப்பு நிகழ்ச்சிக்கு முன்பே தொடங்க வேண்டும் என்பது என் வாதம்.

ஆவடி ஆணையரகமும் திருவள்ளூர் மாவட்ட நிர்வாகமும், புதிய சட்டத்துக்குக் காத்திராமல், அனுமதி நிபந்தனையாகவே இதைச் செய்யலாம். திடல் ஒவ்வொன்றுக்கும் வாசல் அகலத்தையும் சாலையையும் வைத்து ஒரு கொள்ளளவு எண்ணைக் கணக்கிட்டு, விற்பனை தொடங்கும் முன் பொதுவில் அறிவிக்கட்டும். பாஸ்களும் அந்த எண்ணுக்குள் அடங்கட்டும். அந்த எண் டிக்கெட்டிலேயே அச்சாகட்டும். வாங்குபவர் கண்ணில் அது பட்டால், மீறுவது யாருக்கும் எளிதாக இருக்காது.

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஏமாற்றப்பட்டவர் தான் வசிக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். நிகழ்ச்சி நடந்த மாவட்டத்துக்கு அலைய வேண்டியதில்லை. ஆவடிக்காரர் திருவள்ளூர் மாவட்ட ஆணையத்திலும், அம்பத்தூர்க்காரர் சென்னையிலும் கொடுக்கலாம். டிக்கெட்டையும் பணம் கட்டிய குறுஞ்செய்தியையும் வாசலில் எடுத்த படத்தையும் அழிக்காமல் வைத்திருங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. டிக்கெட்டுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும்வரை புகாருக்குக் கட்டணம் ஏதும் கிடையாது.